ஆய்வுக்கூடத்திலிருந்து அங்காடிக்கு

என் தங்கையின் பேத்தி பிளஸ் 2 தேர்வை முடித்துவிட்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தலையும் உளவியலையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்க அவளுக்கு விருப்பம். அவளுடைய தந்தைக்கோ தயக்கம். கட்டணம் ஒரு காரணம்; இரண்டு துறைகளை ஒட்டவைத்து, புதுப் பெயர் சூட்டி விற்கிறார்களோ என்ற ஐயம் இன்னொரு காரணம். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் உடனே தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஜான் பி. வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளரின் வாழ்க்கையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். நடத்தையியல் என்ற சிந்தனைப் பள்ளியை நிறுவியவர் என்று உளவியல் பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்தும். 1920-ஆம் ஆண்டோடு பெரும்பாலான பாடநூல்கள் அவரைக் கைவிட்டுவிடும். அதன்பிறகு கால் நூற்றாண்டுக் காலம் அவர் விளம்பர நிறுவனங்களில் பணியாற்றினார். இவ்விரு துறைகளும் ஒரே மனிதருக்குள் சந்தித்தால் என்ன நேரும் என்பதற்கு அவரைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதில் எனக்கும் ஒரு பழைய கடன் இருக்கிறது. நுகர்வோர் நடத்தை என்ற பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தியவன் நான். மனிதர்களுக்கு விருப்பங்கள் இருக்கின்றன, அவை மாறாதவை என்று வைத்துக்கொள்வோம் என்றுதான் ஒவ்வோர் ஆண்டும் தொடங்குவேன். அந்த விருப்பங்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு மாணவர் கேட்டார். அது பாடத்திட்டத்துக்கு வெளியே என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் அடுத்த வளைகோட்டை வரையப் போய்விட்டேன். அந்த மாணவர் மீண்டும் எதையும் கேட்கவில்லை. வாட்சனைப் பற்றி நான் படிக்க நேர்ந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

வாட்சன் 1878-இல் தெற்கு கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். தாய் எம்மா, பாப்டிஸ்ட் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவர். புகழ்பெற்ற போதகர் ஒருவரின் பெயரையே மகனுக்கு வைத்தார். மகன் போதகராக வேண்டும் என்பது அவர் விருப்பம். தந்தை குடிகாரர். மகனுக்குப் பதின்மூன்று வயதானபோது குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் நிலத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகளுடன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். பையன் அடங்காதவனாக வளர்ந்தான். இருமுறை காவல்துறையிடம் பிடிபட்டதை வாட்சனே பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினாறு வயதில் அங்குள்ள ஃபர்மன் கல்லூரியில் சேர்ந்து, 1899-இல் முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வந்தார். போதகராகும் எண்ணம் அதற்குள் அவரிடமிருந்து விடைபெற்றிருந்தது.

ஓராண்டு பள்ளியில் கற்பித்த பின் 1900-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். கையில் பணமில்லை. விடுதியில் உணவு பரிமாறினார், துப்புரவு வேலை செய்தார், ஆய்வுக்கூட எலிகளைப் பராமரித்தார். அப்போது அங்கே தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தவர் ஜான் டூயி. அவர் என்ன பேசினார் என்பது அன்றும் விளங்கவில்லை, பின்பும் விளங்கவில்லை என்று வாட்சன் எழுதியிருக்கிறார். அதே வளாகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர் தார்ஸ்டைன் வெப்ளன். மனிதர்கள் பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே பொருள்களை வாங்குகிறார்கள் என்று 1899-இல் நூல் எழுதியவர். பொருளாதாரத் துறைக்காரனான எனக்கு, இவ்விருவரும் ஏதாவது ஒரு நடைபாதையில் ஒருவரையொருவர் கடந்து போயிருப்பார்களா என்று எண்ணிப் பார்ப்பதில் ஓர் ஆசை.

வாட்சனுக்குப் பிடித்தவை எலிகள். வெள்ளெலியின் மூளை வளர்ச்சிக்கும் அதன் கற்கும் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1903-இல் முனைவர் பட்டம் பெற்றார். எலியிடம் அதன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்க முடியாது; அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம், எண்ணலாம், வரைபடமாக்கலாம். மனிதர்களையும் ஏன் அப்படியே ஆராயக்கூடாது என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது. அக்கால உளவியல், பயிற்சி பெற்றவர்களை உட்காரவைத்துத் தம் மனத்தைத் தாமே உற்றுநோக்கிச் சொல்லவைக்கும் முறையை நம்பியிருந்தது. அதன் தலைமகனாகக் கருதப்பட்டவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டிட்ச்னர்.

1908-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வாட்சனைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அங்கே துறைத் தலைவராக இருந்தவர் ஓர் ஒழுக்கக்கேட்டு விவகாரத்தில் பதவி இழந்தார். துறையும், அவர் நடத்திவந்த முன்னணி ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பும் முப்பத்தொரு வயதே ஆன வாட்சனின் கைக்கு வந்தன. அதே வகைக் காரணத்துக்காகத் தானும் அதே நாற்காலியை இழக்கப்போவது அன்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் தன் கொள்கையை வெளிப்படையாக முன்வைத்தார். உளவியல் என்பது இயற்கை அறிவியலின் ஒரு கிளை. அதன் நோக்கம் நடத்தையை முன்கூட்டிச் சொல்வதும் கட்டுப்படுத்துவதும். உணர்வுநிலை என்ற சொல் அதற்குத் தேவையே இல்லை என்பது அதன் சாரம். இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். விளக்குவது, புரிந்துகொள்வது என்றெல்லாம் சொல்லாமல், கட்டுப்படுத்துவது என்றார். யார், யாரை, எதற்காகக் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்கு அந்த உரையில் விடையில்லை. 1915-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். முதல் உலகப்போரில் ராணுவப் பணிக்குப் போய்த் திரும்பினார்.

இனி அந்தக் குழந்தையின் கதைக்கு வரவேண்டும். 1919-20-ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனையில் வளர்ந்துவந்த ஓர் ஆண்குழந்தையை வாட்சனும் அவருடைய ஆராய்ச்சி மாணவி ரோசலி ரெய்னரும் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுரையில் குழந்தையின் பெயர் ஆல்பர்ட். ஒன்பது மாத வயதில் அவனிடம் வெள்ளெலி, முயல், நாய், குரங்கு, பஞ்சு, முகமூடி எனப் பலவற்றைக் காட்டினார்கள். எதற்கும் அவன் அஞ்சவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் வீறிட்டு அழுதான். பதினொரு மாத வயதில், அவன் எலியைத் தொடப் போகும்போதெல்லாம் அந்த ஓசையை எழுப்பினார்கள். எலியும் ஓசையுமாக ஏழு முறை. அதற்குப் பிறகு ஓசை இல்லாமல் எலியை மட்டும் காட்டினாலே குழந்தை அழுதபடி தவழ்ந்து ஓடியது. சில நாள்களில் அச்சம் முயலுக்கும் நாய்க்கும் மென்மயிர்க் கோட்டுக்கும் பரவியது.

உண்டாக்கிய அச்சத்தை நீக்குவதற்குள் குழந்தையை மருத்துவமனையிலிருந்து அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்று கட்டுரை வருந்துகிறது. குழந்தை எப்போது புறப்படும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குழந்தை யார் என்பது பற்றிய விவாதம் இன்றும் முடியவில்லை. ஒரே ஒரு குழந்தையை வைத்துச் செய்த, அறிவியல் நோக்கில் ஓட்டைகள் நிறைந்த சோதனை இது. ஆயினும் உளவியலில் இதைவிட அதிகமாகப் பேசப்பட்ட சோதனைகள் சிலவே.

அந்தக் கட்டுரை 1920-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வாட்சனின் பல்கலைக்கழக வாழ்க்கை முடிந்தது. அவருக்கும் ரோசலிக்கும் இடையிலான காதல், அவர் எழுதிய கடிதங்களின் வழியே மனைவிக்குத் தெரியவந்தது. இரண்டு பிள்ளைகளின் தந்தை அவர். மணமுறிவு வழக்கு செய்தித்தாள்களுக்குத் தீனியாயிற்று. பல்கலைக்கழகத் தலைவர் அழைத்துப் பதவி விலகச் சொன்னார். அந்த ஆண்டின் கடைசி நாளில் வாட்சனும் ரோசலியும் மணந்துகொண்டார்கள். நாற்பத்திரண்டு வயதில், நாட்டின் தலைசிறந்த உளவியலாளருக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடமில்லை. அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்த ஒரு சிலரில் டிட்ச்னரும் ஒருவர். எந்த மனிதரின் வாழ்நாள் ஆராய்ச்சியை வாட்சன் தூக்கியெறியச் சொன்னாரோ அதே டிட்ச்னர்! அறிவுலகில் இப்படிப்பட்ட பெருந்தன்மை அபூர்வம் என்பதால் இதைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த இடம், நியூயார்க்கில் ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனம். அதன் தலைவர் ஸ்டான்லி ரீசர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விளம்பரம் என்பது நாட்டு மருந்துப் புட்டியைக் கூவி விற்கும் தொழில் என்ற அவப்பெயரைத் துடைத்து, அதற்கு ஓர் அறிவியலின் மதிப்பைத் தரவேண்டும் என்பது அவர் கனவு. அதே நிறுவனம் 1922-இல் பால் செரிங்டனையும் சேர்த்துக்கொண்டது. அவர் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் சந்தைப்படுத்தல் கற்பித்த முன்னோடி. ஒரே கூரையின்கீழ் ஒரு சந்தைப்படுத்தல் பேராசிரியரும் ஓர் உளவியல் பேராசிரியரும்! யார் வாங்குகிறார்கள், எங்கே, எவ்வளவு என்று முன்னவர் கணக்கெடுப்பார். ஏன் வாங்குகிறார்கள், எப்படி வாங்கவைப்பது என்று பின்னவர் யோசிப்பார். என் பேத்தி கொண்டுவந்த பாடத்திட்டத்தின் இரண்டு பாதிகளும் நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ஒன்று சேர்ந்துவிட்டன.

ஆனால் இந்தச் சேர்க்கையைத் தொடங்கிவைத்தவர் வாட்சன் என்று சொல்வது தவறு. ஜெர்மனியில் வுண்ட்டிடம் பயின்று திரும்பிய வால்டர் டில் ஸ்காட், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்துகொண்டே 1903-இல் விளம்பரக் கோட்பாடு பற்றியும் 1908-இல் விளம்பர உளவியல் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். வாட்சன் பதவி இழந்த அதே 1920-இல் ஸ்காட் தன் பல்கலைக்கழகத்தின் தலைவரே ஆனார்.

ரீசர் புதிய பேராசிரியரை நேராக மேசையில் உட்காரவைக்கவில்லை. மிசிசிபி ஆற்றங்கரை ஊர்களில் எந்த நிறுவனத்தின் ரப்பர் காலணியை மக்கள் வாங்குகிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்து வரச் சொன்னார். பிறகு யூபன் என்ற காபித்தூளை மளிகைக் கடைக்காரர்களிடம் விற்க ஊர் ஊராக அனுப்பினார். 1921-இல் மேசிஸ் பல்பொருள் அங்காடியில் இரண்டு மாதங்கள் சாதாரண விற்பனையாளராக நின்று வேலை பார்த்தார் வாட்சன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னாள் தலைவர், கடைக்காரர்கள் வாசலிலேயே திருப்பியனுப்பியதைச் சகித்துக்கொண்டு காபித்தூளைச் சுமந்து திரிந்த காட்சியை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். பேராசிரியர்களில் பெரும்பாலோர், நான் உள்பட, ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டோம்.

அவர் தாக்குப்பிடித்தது மட்டுமல்ல, அதை ரசிக்கவும் கற்றுக்கொண்டார். ஒரு புதிய பொருளின் விற்பனை வளைகோடு ஏறுவதைப் பார்ப்பது, விலங்கோ மனிதனோ ஒன்றைக் கற்றுக்கொள்ளும் வளைகோடு ஏறுவதைப் பார்ப்பதற்கு இணையான கிளர்ச்சியைத் தந்தது என்று பின்னாளில் எழுதினார். எலி புதிர்ப்பாதையைக் கற்பதும், ஒரு நகரம் ஒரு காபித்தூளைக் கற்பதும் அவருக்கு ஒரே வகை வரைபடங்கள். 1924-இல் நிறுவனத்தின் துணைத் தலைவரானார். பேராசிரியராக வாங்கியதைப்போலப் பல மடங்கு வருமானம் வந்தது.

மனிதனிடம் பிறவியிலேயே இருக்கும் உணர்ச்சிகள் மூன்றுதான் என்று குழந்தைகளை ஆராய்ந்து அவர் முடிவுசெய்திருந்தார்: அச்சம், சினம், அன்பு. விளம்பரக்காரருக்கு அவர் கற்பித்த பாடமும் அதுவே. பொருளின் தரத்தைப் பற்றி வாதாடிப் பயனில்லை. இம்மூன்றில் ஒன்றைத் தொடு. அதோடு உன் பொருளை இணை. ஜான்சன் நிறுவனத்தின் குழந்தைப் பவுடருக்கான விளம்பரங்கள் முதல் குழந்தையை எதிர்நோக்கும் இளம் தாய்மாரைக் குறிவைத்தன. தூய்மையை வலியுறுத்தின, அழுக்கும் நோயும் சூழ்ந்திருப்பதை நினைவூட்டின, வல்லுநர்களின் சொல்லுக்குச் செவிசாய்க்கச் செய்தன. தன் குழந்தையைத் தன்னால் சரியாகப் பராமரிக்க முடியுமா என்ற ஐயத்தைத் தாயிடம் விதைத்துவிட்டால், பவுடர் டப்பா தானாக விற்கும். மருத்துவமனையில் ஒரு குழந்தையிடம் இரும்புச் சட்டம் செய்த வேலையை, இதழின் முழுப்பக்க விளம்பரம் இலட்சக்கணக்கான தாய்மாரிடம் செய்தது என்றுதான் என்னால் அதைப் படிக்க முடிகிறது.

பற்பசை விளம்பரம் ஒன்றில், நாகரிகமாக உடுத்திய இளம்பெண் கையில் சிகரெட்டோடு இருந்தாள். பெண்கள் புகைப்பது அன்றைய அமெரிக்காவில் முகம் சுளிக்கவைத்த செயல். அந்தப் பற்பசையால் துலக்கினால் கறை போகும், எனவே புகைக்கலாம் என்பது சொல்லாமல் சொன்ன செய்தி. பாண்ட்ஸ் முகக் களிம்புக்கு ருமேனிய நாட்டு அரசியாரே சான்றிதழ் தந்தார். நம் வீடுகளில் பவுடர் என்ற சொல்லுக்கே மறுபெயராக இருந்த பாண்ட்ஸ்தான் அது. அந்த விளம்பரங்கள் வாட்சனின் கைவண்ணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பெருமையில் பெரும்பகுதி ரீசரின் மனைவி ஹெலன் லேன்ஸ்டௌனுக்குச் சேரவேண்டும். வாட்சன் வருவதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன்பே, ஒரு சோப்புக்காக, சருமத்தின் மென்மையையும் காதலையும் இணைத்து விளம்பரம் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு உளவியல் கற்பிக்கவில்லை.

உளவியல் வரலாற்றாசிரியர்கள் பலர் இன்று சொல்வதும் இதுதான். உணர்ச்சியைத் தொட்டு விற்கும் கலையை விளம்பரத் தொழில் வாட்சனிடமிருந்து கற்கவில்லை. அது ஏற்கெனவே அதை அறிந்திருந்தது. நிறுவனம் அவரிடமிருந்து முதன்மையாகப் பெற்றது ஒரு பேராசிரியரின் மதிப்பு. வாடிக்கையாளர்களான முதலாளிகளுக்கு முன்னால் நிறுத்திக் காட்டுவதற்கு ஓர் அறிவியலாளர். அதாவது, மனித மனத்தை விற்கவைக்கும் அறிவியலை விற்பதற்கு அவரே விளம்பரமானார்.

இருந்தாலும் அவர் கொண்டுவந்த ஒன்று உண்மையான அறிவியல்: சோதித்துப் பார்க்கும் பழக்கம். 1920-களின் தொடக்கத்தில் புகைப்பவர்களின் கண்ணைக் கட்டிவிட்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிகரெட்டுகளைத் தந்து சோதித்தார். தாங்கள் உயிரைக் கொடுத்து ஆதரிக்கும் வகையைக்கூட அவர்களால் பெரும்பாலும் அடையாளம் காண முடியவில்லை. பொருளாதாரத்துக்கு இது சாதாரணச் செய்தி அன்று. பொருள்களுக்கு இடையிலான வேறுபாடு பொருளில் இல்லாமல், பெயரிலும் பெட்டியிலும் வாங்குபவரின் எண்ணத்திலும் இருக்க முடியும் என்பதை உணர்ந்து, விற்பனைச் செலவுக்கு ஒரு கோட்பாட்டை எட்வர்ட் சேம்பர்லின் வகுத்தது 1933-இல். ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன்பே அதற்கான சான்று ஒரு விளம்பர நிறுவனத்தின் கையில் இருந்தது. அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் நம் பாடநூலுக்கு நேர் எதிரானது. வேறுபாடு இல்லை என்றால் விளம்பரம் வீண் என்று நினைக்கவில்லை. வேறுபாடு இல்லாததால்தான் விளம்பரம் தேவை என்று கண்டுகொண்டார்கள்.

இந்த இடத்தில் ஹாரி ஹாலிங்வொர்த்தை நினைக்காமல் இருக்க முடியாது. அமெரிக்க அரசு கோக-கோலா மீது தொடுத்து 1911-இல் விசாரணைக்கு வந்த வழக்கில், காஃபீன் மனிதரின் செயல்திறனைக் கெடுக்கிறதா என்று ஆராய்ந்து தர அந்நிறுவனம் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்த இளம் உளவியலாளரை அணுகியது. வறுமையில் இருந்த அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நிபந்தனைகள் வைத்தார். முடிவு எதுவானாலும் அதை வெளியிடும் உரிமை தனக்கு வேண்டும். நிறுவனம் அந்த முடிவையோ தன் பெயரையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. சோதனையின்போது யார் காஃபீன் உட்கொள்கிறார், யார் வெற்று மாத்திரை உட்கொள்கிறார் என்பது சோதிப்பவர்களுக்கே தெரியாதபடி ஏற்பாடு செய்தார். அந்த ஆய்வை முன்னின்று நடத்திய அவருடைய மனைவி லீட்டா, கிடைத்த ஊதியத்தைக் கொண்டு மேற்படிப்புப் படித்துத் தானும் பெயர்பெற்ற உளவியலாளர் ஆனார். அந்த ஆய்வை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மறுக்கலாம். வாட்சனைச் சம்பளத்துக்கு அமர்த்திய நிறுவனத்திடம் அப்படி ஒரு நிபந்தனையைக் கேட்க அவருக்கு இடமிருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தது பொதுச்சொத்து. அங்காடிக்காகக் கண்டறிந்தது வாடிக்கையாளரின் சொத்து.

வாட்சன் கல்வியை முற்றிலும் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் நியூ ஸ்கூல் என்ற நிறுவனத்தில் சில ஆண்டுகள் சொற்பொழிவாற்றினார். அவ்வுரைகள் ஒன்றுபோல, நடத்தையியல் பற்றிய அவருடைய நூலும் பொதுமக்களைக் கவர்ந்தது. நலமாகப் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளைத் தந்தால் எவரை வேண்டுமானாலும் மருத்துவராகவோ வழக்குரைஞராகவோ திருடராகவோ ஆக்கிக் காட்டுவேன் என்ற அவருடைய சவால் அதில்தான் இருக்கிறது. அது தன் சான்றுகளை மீறிய பேச்சு என்று அடுத்த வரியிலேயே ஒப்புக்கொண்டதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அக்காலத்தில் அவர் செய்த நற்காரியம், மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளருக்கு வழிகாட்டியது. ரோசலியின் கல்லூரித் தோழி அவர். ஆல்பர்ட்டின் திரைப்படத்தை வாட்சன் காட்டிய உரையைக் கேட்டவர், உண்டாக்கிய அச்சத்தை நீக்கவும் முடியுமா என்று யோசித்தார். மூன்று வயதை நெருங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்கு முயல் என்றால் நடுக்கம். அவனுக்குப் பிடித்த உணவைத் தந்து, அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலுள்ள முயலை அறையின் கோடியில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார். இறுதியில் அவன் முயலை மடியில் வைத்துக் கொஞ்சினான். 1924-இல் வெளிவந்த அந்தக் கட்டுரை, இன்று அச்சநோய்களுக்குத் தரப்படும் சிகிச்சைகளின் மூல ஊற்றுகளில் ஒன்று. ஒரே அறிவு, ஒருவர் கையில் அச்சத்தை ஊட்டியது, இன்னொருவர் கையில் அதைப் போக்கியது.

1928-இல் ரோசலியின் துணையோடு குழந்தை வளர்ப்பு நூலொன்றை எழுதினார் வாட்சன். குழந்தையைக் கட்டியணைக்காதே, முத்தமிடாதே, மடியில் வைக்காதே, காலையில் கைகுலுக்கினால் போதும் என்றது அது. பெரும் விற்பனை. அமெரிக்கத் தாய்மார் ஒரு தலைமுறைக்கு அதைப் படித்துத் தங்கள் கைகளையே கட்டிப்போட்டுக்கொண்டார்கள். நடத்தையியலாளரின் பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பது பற்றி ரோசலி 1930-இல் எழுதிய இதழ்க் கட்டுரையில், பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டும் என்ற ஆவல் தன்னிடம் இன்னும் அடங்கவில்லை என்ற ஒப்புதல் தொனிக்கிறது. போதுமான அறிவில்லாமல் அந்த நூலை எழுதிவிட்டதாக வாட்சன் பிறகு வருந்தினார். அதற்குள் அது பல வீடுகளுக்குள் போய்விட்டிருந்தது.

1935-இல் ரோசலி வயிற்றுப்போக்கு நோயால் திடீரென இறந்தார். வயது முப்பத்தாறு. வாட்சன் பிறகு முன்போல இல்லை. அதே ஆண்டு வேறொரு விளம்பர நிறுவனத்துக்கு மாறி, 1945-இல் ஓய்வுபெற்று, கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பண்ணையில் ஒதுங்கி வாழ்ந்தார். ரோசலி பெற்ற இரு மகன்களில் மூத்தவர் வில்லியம் மனநல மருத்துவரானார். பிற்காலத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதற்குத் தந்தையின் வளர்ப்பு முறைதான் காரணம் என்று எழுதுபவர்கள் உண்டு. ஒரு மனிதரின் துயரத்தை அவ்வளவு எளிதாக ஒரு கோட்பாட்டின் கணக்கில் எழுதிவிட எனக்குத் துணிவில்லை.

1957-இல் அமெரிக்க உளவியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்க முன்வந்தது. தன்னைக் கைவிட்ட கல்வியுலகம் முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு நீட்டிய கை. எழுபத்தொன்பது வயது வாட்சன் நியூயார்க் வரை வந்தார். விழா அரங்குக்கு வரவில்லை. மேடையில் அழுதுவிடுவோமோ என்ற அச்சம். மகன் போய்ப் பெற்றுக்கொண்டார். மறைவதற்குச் சிறிது காலத்துக்கு முன் தன் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் எரித்துவிட்டார் வாட்சன். 1958 செப்டம்பரில் காலமானார்.

நுகர்வோரின் விருப்பங்களை உற்பத்தியாளர்களே விளம்பரத்தால் உருவாக்குகிறார்கள் என்று வாதிட்ட கால்பிரெய்த்தின் நூல் வெளிவந்ததும் அதே 1958-இல்தான். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கத் தூதராக இந்தியாவுக்கு வந்தவர் அவர். அந்த நூலை என் மாணவர்களுக்கு நான் பரிந்துரைத்திருக்கிறேன். அதில் சொல்லப்பட்ட வேலையைக் கையால் செய்து பார்த்த பேராசிரியர் ஒருவர் இருந்தார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன், தெரியாததால். வாட்சன் பணியாற்றிய நிறுவனம் 1929-இலேயே மும்பையில் கிளை திறந்து, நம் நாட்டின் விருப்பங்களுக்கும் உருக்கொடுக்கத் தொடங்கியிருந்தது.

பேத்தியின் தந்தைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். இவ்விரண்டு பாடங்களும் செயற்கையாக ஒட்டவைக்கப்பட்டவை அல்ல. பிறந்த நாள் முதல் உறவினர்கள். அவளைத் தாராளமாக அனுப்பலாம். ஆனால், அந்தப் பாடத்திட்டத்தில் ஆய்வு அறம் என்ற தாள் கட்டாயமா, விருப்பத்தேர்வா என்று பார்க்கச் சொன்னேன். உளவியல் மாணவர் ஒரு குழந்தையிடம் கேள்வித்தாளை நீட்டுவதற்கே இன்று அறக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அதே மாணவர் பட்டம் பெற்று ஒரு நிறுவனத்தில் அமர்ந்து, கைப்பேசித் திரையில் இலட்சம் குழந்தைகளிடம் எந்த வண்ணப் பொத்தான் அதிகம் அழுத்தப்படுகிறது என்று சோதித்தால், பல்கலைக்கழகத்தின் அறக்குழு அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பாடத்திட்டத்தின் இரண்டு பாதிகளுக்கு இடையே உள்ள கோடு அதுதான். தந்தை பட்டியலைப் புரட்டினார். உளவியல் பாதியில் அந்தத் தாள் கட்டாயமாக இருந்தது. சந்தைப்படுத்தல் பாதியில் இல்லை.

பேத்திக்கு ஆல்பர்ட் பற்றிய 1920-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் பீட்டர் பற்றிய 1924-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அனுப்பிவைத்தேன். இரண்டும் சில பக்கங்களே. நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். வளைகோடுகளைப் பற்றியோ நிபந்தனைப்படுத்தல் பற்றியோ கேட்பாள் என்று நினைத்திருந்தேன். சோதனைக்கு ஆல்பர்ட்டின் அம்மா சம்மதித்தாரா தாத்தா என்று கேட்டாள்.

கட்டுரையை எடுத்து மீண்டும் பார்த்தேன். தாயின் சம்மதம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அந்த மருத்துவமனையில் பிறர் குழந்தைகளுக்குப் பாலூட்டும் செவிலித்தாயாக அவர் இருந்தார் என்று மட்டும் குறிப்பிடப்பட்டிருக்கிறது.